மீதி மூன்று பைட்டுகள்

"கண்ணாடி போட்டும் நம்பர் தெரியலைன்னா தண்ணித் தொட்டிகிட்ட எதுக்குங்க உக்கார வெக்கணும், பேக்கிங்ல போட்டா டேப்பாவது ஒட்டுவாங்கல்ல." குடிதண்ணீர் இயந்திரத்தின் பக்கம் யாரோ சொன்னார்கள். "டேப்பும் கோணலாத்தான் ஒட்டும், போங்க," என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் காலிப் பாட்டிலோடு நின்றிருந்தேன், அவர்கள் போகட்டும் என்று. எப்போதும் இப்படித்தான், யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடிக்கும்வரை காத்திருப்பேன், முடித்தபின் நான் சொல்லவந்தது எதற்கும் அங்கே இடம் இருக்காது. தண்ணீர் பிடிப்பதற்குக்கூட. அவர்கள் சொன்னது ஜெசிந்தாக்காவைப் பற்றி. இந்தக் கட்டடத்தில் கண்ணாடியும், வெப்பம் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து இருப்பது அவரிடம் மட்டும்தான். பாட்டிலை நிரப்பினேன். பாதியிலேயே கை வலித்தது, காலையில் இருந்து விசைப்பலகை மீது கையை வைத்தபடி எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்ததில் வந்த வலி. வேலை செய்யாமல் இருப்பதற்கும் இவ்வளவு களைப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. மணி இரண்டு ஐந்து. மூன்றரைக்கு, கீழ்த்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தண்டபாணி சார் பழுதறிக்கைத் தாளோடு தொட்டிப் பக்கம் வருவார், ஜெசிந்தாக்கா கையெழுத்துப் போடுவார், திங்கட்கிழமை முதல் பேக்கிங். இன்னும் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அதற்குள் நிரலில் ஒரு ஃபங்ஷனுக்கு, ஒரே வேலையைச் செய்யும் சில வரிகளுக்கு, பெயர் வைத்து முடிக்கவேண்டும், அவ்வளவுதான், என் வேலை அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே படியேறினேன்.

என் மேசைக்கு நேர் மேலே ஏசி சொட்டுகிறது. கீழே ஒரு நீல வாளி வைத்திருக்கிறார்கள். சொட்டு விழும் ஒலிக்கு ஒரு வரிசை இருப்பதாக நினைத்து எண்ணிப் பார்ப்பேன், பதினொன்று வரை சரியாக வரும், பிறகு இரண்டு சேர்ந்து விழும். காளப்பட்டி சாலையில் இந்தக் கம்பெனி குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கும் கதகதப்புப் பெட்டிகள் செய்கிறது. கீழே நாற்பது பேர் பெட்டியைச் செய்கிறார்கள், மேலே பதினோரு பேர் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுகிறோம். நான் கெர்னலில். கெர்னல்னா என்ன என்று அம்மா ஒருமுறை கேட்டாள். மிஷினுக்குள்ள நடுவுல உக்காந்துகிட்டு யாருக்கு என்ன வேணுமோ அதை எடுத்துக் கொடுக்கறதும்மா, யாரும் நேராப் போய் எதையும் தொட முடியாது, இதுகிட்டதான் கேக்கணும் என்றேன். அப்ப சமையக்கட்டு என்றாள். அதைவிட நன்றாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. இப்போது நான் அந்தச் சமையல்கட்டில் ஒரு புது ஜன்னல் வைக்கவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் ஒரு சின்ன மூலை, மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம். எழுதுவதை ஒரே முறைதான் எழுதலாம், எரித்து எழுதுவார்கள், பிறகு அழிக்க முடியாது. அங்கே ஒரு எண் இருக்கும். வெப்பத்தைத் தொட்டுச் சொல்லும் உணரி எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்கிற எண், ஒவ்வொரு உணரிக்கும் வேறு. ஒன்று 47 என்றால் அது எப்போதும் 0.47 டிகிரி குறைத்தே சொல்லும், சேர்த்துக்கொள்ளவேண்டும். பழைய சிப்பில் அந்த எண்ணுக்கு ஒரு பைட் இடம். இனி வரப்போகும் சிப்பில் இரண்டு பைட். அதற்கடுத்து வருவதில் பத்தே பிட் என்கிறார்கள், ஒன்றேகால் பைட், யாருக்கு இப்படித் தோன்றுகிறதோ. கேட்கிறவருக்கு இந்த அளவெல்லாம் தெரியவேண்டாம். எண்ணைக் கொடு என்றால் எண் வரவேண்டும். எத்தனை பைட்டாக இருந்தாலும் வாங்கி நினைவகத்தில் ஒரு நான்கு பைட் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் ஒரே ஃபங்ஷன். எங்கள் குழுவை நடத்தும் செழியண்ணா வியாழக்கிழமை சொன்னபோது எளிதாக இருந்தது. "ரெண்டு நாள் வேலை தாரிணி, நீ ஒண்ணரை நாள்ல முடிச்சுருவ." இன்று சனி.

முடித்திருப்பேன். இன்று காலை பத்தே முக்காலுக்கு, புது ஃபங்ஷனை எழுதி முடிக்குமுன் பழையதைப் பார்ப்போம் என்று திறக்காமல் இருந்திருந்தால். பழையதும் நான் எழுதியதுதான், போன வருடம் ஆனியில், வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். பதினாறு வரிகள். மேலிருந்து கீழ்வரை படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாளே என்று யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். நான்கு பைட் கொள்ளும் ஒரு பெட்டி எடுக்கிறாள். சிப்பில் இருந்து ஒரு பைட்டை அதில் வைக்கிறாள். பெட்டியைக் கொடுத்துவிடுகிறாள். மறுபடி படித்தேன். பெட்டி எடுக்கிறாள், வைக்கிறாள், கொடுக்கிறாள். வாளியில் இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்தது. மீதி மூன்று பைட்டுகளில் என்ன இருந்தது? அவள் அதைத் துடைக்கவில்லை. ஓட்டலில் முன்னால் சாப்பிட்டவர் எழுந்துபோன தட்டிலேயே எனக்கு இட்லி வைத்துக் கொடுத்தால் எப்படியோ அப்படி. போன வருடம் அந்தத் தட்டு தற்செயலாகக் காலியாக இருந்தது, சோதித்தபோதும் காலியாக இருந்தது, அதனால் 47 என்றால் 47 என்றே வந்தது. பங்குனியில் செய்த நூற்று நாற்பது கதகதப்புப் பெட்டிகளில் உள்ளே ஒவ்வொன்றும் விழித்தெழும் வரிசையை மாற்றினோம், எனக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறது. குழந்தை சில்லிட்டதாகச் சொல்லி ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பிய இரண்டு பெட்டிகளில் ஒன்றை இழுத்து என் மேசையில் மாட்டினேன். என் ஃபங்ஷன் என்ன எண்ணைக் கொடுக்கிறது என்று திரையில் காட்டச் சொன்னேன். 47 வரவேண்டிய இடத்தில் எட்டு கோடிச் சொச்சம் வந்தது. எட்டு கோடி என்றே வெளியே தெரிந்திருந்தால் யாராவது அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அதற்கு மேலே இருக்கும் நிரலில் ஒரு பாதுகாப்பு உண்டு, எவ்வளவு பெரிய திருத்தம் வந்தாலும் இரண்டு டிகிரிக்கு மேல் போகாதே, இரண்டிலேயே நின்றுகொள். எட்டு கோடியும் இரண்டாகிவிடும். குப்பைக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டதுபோல், பார்க்க நம்பும்படியான ஒரு தப்பு. 0.47 சேர்க்கவேண்டிய இடத்தில் இரண்டு சேர்த்தால் ஒன்றரை டிகிரி அதிகம். முப்பத்தைந்தில் குளிர்ந்துகொண்டிருக்கும் குழந்தையைப் பெட்டி முப்பத்தாறரை என்று சொல்லும், கதகதப்பு போதும் என்று சும்மா இருந்துவிடும்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இரண்டே வரி. "மிஷின் சரி என்று காட்டுகிறது. ஆனால் தொட்டால் குழந்தையின் பாதம் சில்லென்று இருக்கிறது." அவர் கையை நம்பினார், பெட்டியை நம்பவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது, பதினாறு நாளாகிவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதம் எவ்வளவு இருந்திருக்கும், என் கட்டைவிரல் நீளம் இருந்திருக்குமா. இதை நினைக்கவேண்டாம் என்று வேறெதையாவது நினைத்தால் மற்ற நூற்று முப்பத்தெட்டு பெட்டிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. எல்லாவற்றிலும் குப்பை இருக்கும் என்று இல்லை, சிலவற்றில் அந்த வேறு ஏதோ ஒன்று முந்திக்கொண்டு எழும், சிலவற்றில் எழாது, எதில் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. இந்த நிமிடம், சனிக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு, எங்கோ ஒன்றில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்க்கும் நர்ஸ் சாப்பிடப் போயிருப்பார். கீழே பெரியவர்கள் இதற்கு வேறு காரணம் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள். சிப்பில் எரித்திருப்பது 47, அது ஒரு உணரியின் சரியான எண்தான், ஆனால் இந்த உணரியுடையது இல்லை, தட்டில் வரிசையாக வைத்திருந்த உணரிகளை ஜெசிந்தா மாற்றி எடுத்துவிட்டார், கண் சரியில்லை. உணரியை மறுபடி தொட்டியில் முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பெட்டிகளை மட்டும் அனுப்பினார்கள், உணரி வயர்களைத் தொலைத்துவிட்டார்கள். ஆக, யாரும் எதையும் நிரூபிக்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. காலியாக ஒரு இடம் கிடைத்தது, கைக்கு அகப்பட்டதை அதில் போட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நான் கீழே போனேன். சொல்லத்தான் போனேன். தொட்டிக்கு மேல் வெந்நீர் வாசனை, பக்கத்து மேசையில் இருந்து பற்றவைக்கும் ஈயத்தின் புகை. ஜெசிந்தாக்கா உணரிகளை ஒவ்வொன்றாக முக்கி, பெரிய தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்து, எண்ணை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, பிறகுதான் பித்தானை அழுத்துகிறார். அழுத்திவிட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டில் அதையே பேனாவால் எழுதுகிறார். அது யாரும் எழுதச் சொல்லாத நோட்டு. "எதுக்குங்க்கா ரெண்டாந்தடவை எழுதறீங்க?" என்றேன். "மிஷின் மறந்துட்டா?" என்றார். "இது மறக்காத மெமரிங்க்கா. கரண்ட் போனாலும் மறக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றி ஆவியைத் துடைத்தார். "அப்புறம் ஏங் கண்ணு எல்லாரும் என்னையவே கேக்கறாங்க?" நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்னும் தெரியவில்லை, எனக்குப் பதில் தெரியாதபோது முகம் தானாகச் செய்யும் வேலை அது. பங்குனிப் பக்கங்களைப் புரட்டிக்காட்டினார். திரும்பி வந்த பெட்டியின் எண்ணுக்கு நேரே 47. நீலப் பேனா, நாலுக்கு மேலே கொம்பு கொஞ்சம் நீளம். "ஒம்பது வருசமாச்சு, ஒரு நாளும் மாத்தி வெச்சதில்லீங்னு சொன்னேன். தண்டபாணி சாரு, 'அதான் ஜெசிந்தா, ஒம்பது வருசமாச்சுல்ல, கொஞ்சம் ரெஸ்ட் எடு'ங்கறாரு. பேக்கிங்ல என்ன ரெஸ்ட்டு, மூணு பேரு தூக்கற பொட்டிய ரெண்டு பேரு தூக்கோணும்." பிறகு குரலைத் தணித்து, "எனக்கே இப்ப சந்தேகமாட்ட இருக்கு கண்ணு. ராத்திரி படுத்தா, ஒருவேள மாத்தித்தான் வெச்சுட்டனோன்னு தோணுது. பிஞ்சுக் கொழந்தையாச்சே," என்றார். அக்கா, நீங்க மாத்தி வெக்கலைங்க்கா. இந்த வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், அவர் திரும்பினார், நான் "சாப்பிட்டீங்களாக்கா" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டீங்களா.

செழியண்ணாவிடம் சொன்னேன். அது ஒன்றையாவது செய்தேன். ஒரு மணிக்கு, அவர் டிபன் பாக்ஸைத் திறக்குமுன். சொன்னேன் என்றால், லேப்டாப்பைத் திருப்பி அந்த எட்டு கோடியைக் காட்டினேன். அவர் பார்த்தார், பதினாறு வரியையும் பார்த்தார், மூடியைத் திரும்ப டிபன் பாக்ஸின் மேல் வைத்தார். "ச்சை," என்றார். பிறகு, "நானும்தான் பாத்து ஓகே போட்டிருக்கேன்," என்றார். உண்மையில் அவர் நல்லவர், எனக்கு மட்டும் திட்டு விழக்கூடாது என்று அவருக்கு உடனே தோன்றியது, அந்த நல்லதில் இருந்துதான் மற்றதெல்லாம் வந்தது. "இங்க பாரு தாரிணி. புது ஃபங்ஷன் எழுதிட்டுதானே இருக்க. அதுல மொதல்லயே பெட்டியத் தொடச்சுரு. இம்ப்ரூவ்மென்ட்னு அனுப்பு. ஃபிக்ஸஸ் வரி வேண்டாம்." "இல்லைங்ணா, அது..." "செவ்வாக்கெழமை ஆடிட்டு. ஃபிக்ஸஸ்னு ஒரு வரி இருந்தா எதை ஃபிக்ஸ் பண்றீங்கம்பான், நூத்தி நாப்பதையும் திரும்பக் கூப்பிடும்பான். நம்ம மாசக் கடைசி அப்டேட்ல அதுபாட்டுக்குப் போயிரும், எல்லாம் சரியாயிரும்." "ஜெசிந்தாக்காங்ணா..." "அதை நான் தண்டபாணிகிட்ட அப்புறமா பேசிக்கறேன். ஒரு மாசம் பேக்கிங்ல இருந்தா என்ன ஆயிரும்? நீ சாப்பிடு போ, மூஞ்சியப் பாரு, ஆடிட்டரே உன்னையப் பாத்தா ஒத்துக்குவான்." நான் அதற்கும் சிரித்தேன். கெர்னலுக்கு அனுப்பும் எந்தத் திருத்தத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய தப்பு ஒன்றைச் சரிசெய்வதாக இருந்தால், கடைசியில் ஃபிக்ஸஸ் என்று போட்டு, எந்த மாற்றம் அந்தத் தப்பைக் கொண்டுவந்தது என்று அதன் அடையாளத்தையும் தலைப்பையும் எழுதவேண்டும். அதைத் தொட்டால் எழுதியவர் பெயர் வரும், தேதி வரும். யாரையும் அவமானப்படுத்த இல்லை, அந்தத் தப்பு எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடுகிறவர்களுக்காக. எத்தனை நூறு பேர் அந்த வரியை எழுதியிருப்பார்கள், தன் பெயருக்கே எழுதியவர்களும் உண்டு, படித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது வெறும் ஒரு வரியாகத்தான் தெரிந்தது.

இரண்டு நாற்பது. சரி, வேலையைப் பார்ப்போம். பெட்டியை முதலில் துடை. அது ஒரு வரி, எழுதிவிட்டேன், எழுதுவதற்கு நான்கு விநாடி ஆயிற்று. எண் பெட்டியைவிடச் சிறியதா, மீதி இடத்தில் சுழி. எண்ணே இல்லையா, வெறும் இடமா, இல்லை என்று திருப்பிச் சொல், சுழி என்று சொல்லாதே, சுழியும் ஒரு எண். எண் பெட்டியைவிடப் பெரியதா? இங்கே காலையில் இருந்து நின்றுகொண்டிருக்கிறேன். கொள்ளும் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடலாம், கேட்டவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கும், யாரும் குறை சொல்லமாட்டார்கள், பார்க்க நம்பும்படி இருக்கும். அல்லது முடியாது என்று சொல்லிவிடலாம். முடியாது என்றால் கதகதப்புப் பெட்டி விழித்தெழாது, சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் வேறு பெட்டிக்கு மாற்றுவார், யாராவது தொலைபேசியில் நம்மைத் திட்டுவார்கள். திட்டு வாங்குகிற ஃபங்ஷன்தான் நல்ல ஃபங்ஷன் என்று இப்போது புரிகிறது. கல்லூரியில் கடைசி வருட வாய்மொழித் தேர்வில் வெளியில் இருந்து வந்த ஒரு பேராசிரியர் கேள்வி கேட்டார். பாதிப் பதில் சொன்னேன், மீதி தெரியும், குரல்தான் வரவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டு தானாகவே மீதியைச் சொல்லி முடித்தார், தப்பாக. "இதத்தானே சொல்ல வந்த, வெரி குட்," என்று முழு மதிப்பெண் போட்டார். நான் சொல்லாததற்கு, அதுவும் தப்பானதற்கு. அந்த மதிப்பெண்ணோடு வந்த சான்றிதழ் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் பொண்ணுக்குச் சென்னையில இருக்கச் சம்மதம்தானே என்றார்கள், நான் முகத்தைச் சிரிக்கிறதுபோல் வைத்திருந்தேன், எல்லோரும் சந்தோஷமாகக் காபி குடித்தார்கள். அம்மா இன்றைக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள், நாளைக்கு மறுபடி வருகிறார்களாம், எடுக்கவில்லை. நான் ஒரு பைட் சொல்கிறேன். மீதி மூன்றை அவரவர் நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, துடைத்துக் கொடுக்காதது நான்தானே. எண் பெரியதாக இருந்தால்: முடியாது. வெட்டாதே. எழுதிவிட்டேன். விமானம் ஒன்று பீளமேட்டில் இறங்குவதற்காகக் கூரையை உரசுவதுபோல் போயிற்று, ஜன்னல் அதிர்ந்தது, வாளித் தண்ணீரில் வளையம் வந்தது. மூன்று ஐந்து விமானம். அப்படியென்றால் மணி மூன்று ஐந்து.

பெயர் வைத்துவிட்டேன். நீளமான பெயர், அதைப் படித்தாலே என்ன செய்யும் என்று தெரியும்படி. சோதித்தேன். எட்டு கோடி காட்டிய அதே பெட்டி 47 என்றது. இது, ஜெசிந்தாக்கா பங்குனி மாதத்தில் குனிந்து பார்த்து, உதட்டுக்குள் சொல்லி, எரித்து, எழுதியும் வைத்த 47. சரியாகத்தான் வைத்தார். நான் எடுத்துக் கொடுக்கும்போதுதான். இனி அனுப்பவேண்டியதுதான். மேலே விளக்கம் எழுதினேன்: வெவ்வேறு அளவுள்ள எண்களைப் படிக்க ஒரு புதிய வழி. நன்றாக இருக்கிறது, யாருக்கும் வலிக்காது. கடைசியில் ஃபிக்ஸஸ் என்று அடித்தேன். அழித்தேன். செழியண்ணா சொன்னதில் தப்பில்லை, மாசக் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும், மாசக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளுக்கு எத்தனை குழந்தைகள் என்று கணக்குப் போடவேண்டாம். மறுபடி அடித்தேன். போன வருட ஆனி மாதத்துப் பன்னிரண்டு எழுத்து அடையாளம், அதன் தலைப்பு, அதற்குள்ளே நான். ஐந்து மாதம் வேலை பார்த்த ஒரு பெண், அன்றைக்கு அனுப்பிவிட்டு ஹோப்காலேஜ் நிறுத்தத்தில் ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் குடித்தாள், முதன்முதலாகத் தான் எழுதியது உள்ளே போயிற்று என்று. அவளைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. பாவம், அவளுக்குத் தெரியாது. தெரியாதுதான், ஆனால் எனக்குப் பத்தே முக்காலில் இருந்து தெரியும், மணி மூன்று இருபது. நான்கரை மணி நேரமாகத் தெரிந்துகொண்டே இருக்கிறேன். போன வருடத்துத் தப்பு அவளுடையது, இந்த நான்கரை மணி நேரம் யாருடையது. அனுப்பு என்பதை அழுத்தினேன், அந்த வரியோடு. ஒன்றும் ஆகவில்லை. ஏசி சொட்டியது. செழியண்ணா இருக்கையில் இல்லை, டீ குடிக்கப் போயிருப்பார். கீழே யாரும் இதையெல்லாம் படிப்பதில்லை, அவர்களுக்கு இது ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. நான் சொல்லிவிட்டேன், யாருக்கும் கேட்காத ஒரு மொழியில், யாரும் இல்லாத நேரத்தில். இதுவும் நான் எப்போதும் செய்வதுதான்.

மாடியின் கண்ணாடிச் சுவர் வழியே கீழே தெரிந்தது. தண்டபாணி சார் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், கையில் அட்டை, அட்டையில் செருகிய தாள். ஜெசிந்தாக்கா முந்தானையால் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே பதினெட்டுப் படிகள், நடுவில் ஒருமுறை திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன், நின்ற இடத்தில் கைப்பிடியின் பெயின்ட் உரிந்திருந்தது, அதைக் கொஞ்சம் உரித்தேன். பிறகு இறங்கினேன். "என்ன அம்மிணி, மேல ஏசி ஓடலையா, வெந்நித் தொட்டிக்கு வந்துட்டீங்க," என்றார் தண்டபாணி சார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அதில் ஒன்று தண்ணீர் இயந்திரத்துப் பக்கம் கேட்ட சிரிப்பு. என் முகமும் தன் வேலையைச் செய்யப் பார்த்தது. "சார், அதை ஒரு நிமிசம்..." என்றேன். மீதி வரவில்லை. அவர் என் மீதிக்காக ஒரு விநாடி பார்த்தார், பிறகு தானே முடித்தார்: "படிச்சுப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. நீங்களும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் நல்லதுதான்." அட்டையைக் கொடுத்தார். பழுதறிக்கை. அச்சடித்த கட்டங்கள், அவற்றுக்குள் பேனா எழுத்து. பழுதின் காரணம்: உணரி மாறியது. பொறுப்பானவர்: ஜெ. ஜெசிந்தா. பாதிக்கப்பட்ட பெட்டிகள்: 2. கையெழுத்து: காலி. "பேனா இருக்குதுங் கண்ணு," என்று ஜெசிந்தாக்கா நோட்டுக்குள் இருந்த நீலப் பேனாவை நீட்டினார், நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலே.

வாங்கினேன். உணரி மாறியது என்பதை அடித்து, நினைவகப் பெட்டியைத் துடைக்காமல் எண்ணைப் படித்தது என்று எழுதினேன். ஜெசிந்தாக்காவின் பெயரை அடித்துவிட்டு, ச. தாரிணி, கெர்னல் என்று எழுதினேன். "ஏனுங்க அம்மிணி, என்ன பண்றீங்க," என்று தண்டபாணி சார் அட்டையைப் பிடித்தார். நான் விடவில்லை. 2 என்பதை அடித்து, அதன் பக்கத்தில் 140 என்று எழுதினேன். கட்டம் சின்னது, சுழி கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.